எத்தனை நாளாச்சு?

கண்ணுகளா,

உங்களில் சிலர் இந்த வருஷம் நர்சிங் முடிக்கிறீர்கள். சிலர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இறங்கிக் கல்லூரியில் படிக்கிறீர்கள். சிலருக்குக் கல்யாணம் முடிந்து இடுப்பில் குழந்தை. எல்லாருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். கொல்லிமலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று நான் நடக்காத ஒற்றையடிப் பாதை குறைவு. நர்சம்மா என்று கூப்பிட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, மற்றவர்கள் எழுந்து போன பிறகு குரலைத் தாழ்த்திப் பெண்கள் சொன்ன விஷயங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அவர்களில் ஒருத்தியின் கதையையும் இங்கே சொல்லமாட்டேன். ஊர் பேர் மாற்றினால்கூட இந்த மலையில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களிடமிருந்து நான் கற்றதை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பெண் உங்களிடம் வந்து "நாள் தள்ளிப்போச்சு, எனக்கு இது வேண்டாம்" என்றால், உங்கள் வாயிலிருந்து வர வேண்டிய முதல் கேள்வி "எத்தனை நாளாச்சு?" என்பதுதான். "யாரு?" என்று கேட்காதீர்கள். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். "அய்யோ, பாவமில்லையா?" என்று நெஞ்சில் கை வைக்காதீர்கள். அந்த மூன்றில் எதைக் கேட்டாலும் அவள் எழுந்து போய்விடுவாள். போனவள் மறுபடியும் யாரிடமாவது வாய் திறக்க இரண்டு வாரமோ மூன்று வாரமோ ஆகும். அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் எல்லாமே இருக்கிறது.

ஏனென்றால் உடம்பும் வாரக் கணக்கில் ஓடுகிறது, சட்டமும் வாரக் கணக்கில் ஓடுகிறது. ஒன்பது வாரத்துக்குள் வந்துவிட்டால் டாக்டர் பார்த்து மாத்திரையிலேயே முடித்துவிடலாம். பன்னிரண்டு வாரம் வரைக்கும் உறிஞ்சி எடுக்கும் சின்ன முறை உண்டு. பயிற்சி பெற்ற டாக்டர் இருந்தால் அன்றைக்கே வீடு திரும்பலாம். அதைத் தாண்டினால் கீழே பெரிய ஆஸ்பத்திரி, படுக்கை, ரத்தம், துணைக்கு ஆள், இரண்டு மூன்று நாள் கூலி போவது, வீட்டில் பொய் சொல்வது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும் என்கிறது சட்டம். 20-லிருந்து 24 வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து சொல்ல வேண்டும். அதுவும் பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள், கர்ப்பமாக இருக்கும்போதே கணவனை இழந்தவர்கள், விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று சில பிரிவினருக்குத்தான். 24-க்கு மேல் போனால், வயிற்றுக் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருந்தால் மட்டும் மாநில அரசு அமைத்த மருத்துவ வாரியம் முடிவு செய்யும். தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் வாரக் கணக்கு கிடையாது. 2021-இல் திருத்திய சட்டம் இது. அதற்கு முன்னால் 20 வாரத்தோடு கதவு அடைத்துவிடும்.

வாரத்தை எண்ணுவதே இந்த மலையில் ஒரு கலை. காலண்டர் மாட்டிய வீடு எல்லாவற்றிலும் தேதியைப் பார்த்து வாழ்வதில்லை. "கடைசியா மாதவிலக்கு தேதி சொல்லும்மா" என்றால் பெண் விழிப்பாள். "கடைசியா எப்போ தலைக்குத் தண்ணி ஊத்துன?" என்றால் யோசிப்பாள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஓரி விழாவுக்கு முந்தியா பிந்தியா? பலா பழுத்துக் கிடந்த சமயமா? மிளகு பறிக்க ஆரம்பிச்சிருந்தாங்களா? அந்த அமாவாசைக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனியே, அப்போ நீ தூரமா இருந்தியா? இப்படிக் கேட்டுக் கேட்டு ஆடி பதினெட்டையும் தை மாசத்தையும் வாரமாக்கி நோட்டில் குறிப்பேன். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு வாரம் இப்படி அப்படித்தான் இருக்கும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஏற்றத் தேதி வேண்டும் என்று அவசரப்பட்டு ஏதாவது ஒரு தேதியைப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யாதீர்கள். எட்டு வாரம் என்று நினைத்துப் பன்னிரண்டு வாரக்காரிக்கு மாத்திரை கொடுத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம்.

கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆனாலே சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடலாம். அந்தக் கார்டு துணை சுகாதார நிலையத்தில் இருக்கும். வாந்தி வரட்டும், வயிறு தெரியட்டும் என்று காத்திருப்பது நம் அம்மாக்கள் காலத்து வழக்கம். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அவர்கள் காலத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1972-க்கு முன்னால் இந்த நாட்டில் இருந்தது வெள்ளைக்காரன் 1860-இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 312-ஆம் பிரிவு ஒன்றுதான். தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைத்தால் ஜெயில். கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் ஜெயில். ஜெயிலுக்குப் பயந்து யாரும் கலைக்காமல் இருக்கவில்லை. எருக்கங்குச்சியை வைத்தார்கள். வேரை அரைத்துக் குடித்தார்கள். காய்ச்சலும் ஜன்னியும் கண்டு செத்தவர்களை "பேய் அடிச்சிருச்சு" என்று சொல்லிப் புதைத்தார்கள். இப்படிச் சாகிறவர்கள் அதிகம் என்று பார்த்துத்தான் 1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழு 1966-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பலனாக 1971-இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்து, 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது என்ன கொடுத்தது, என்ன கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பெண் கேட்டாள், அதனால் செய்கிறோம் என்று அதில் எங்கும் இல்லை. அவள் உயிருக்கோ, உடம்புக்கோ, மனதுக்கோ கடுமையான பாதிப்பு வரும் என்று டாக்டர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். பலாத்காரத்தால் வந்த கர்ப்பம் மனதைப் பாதிக்கும் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. கர்ப்பத்தடை முறை பலிக்காமல் போனாலும் அப்படியே. அவளுடைய குடும்ப நிலைமையையும் டாக்டர் கணக்கில் எடுக்கலாம். ஆக, மனசு உள்ள டாக்டர் உட்கார்ந்திருந்தால் வழி அகலமாக இருக்கிறது. முகத்தைச் சுளிக்கிற டாக்டர் உட்கார்ந்திருந்தால் அதே சட்டம் அடைத்துக்கொள்கிறது. பழைய 312 இன்னும் போகவில்லை. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவில் 88-ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. கருக்கலைப்புச் சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான்.

கல்யாணம் ஆகாதவளுக்கு இந்தச் சட்டம் உண்டா என்று இன்னமும் கேட்கிறார்கள். உண்டு. 2021 திருத்தம், கர்ப்பத்தடை பலிக்காத காரணத்தில் "கணவன்" என்று இருந்த இடத்தில் "துணை" என்று மாற்றியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வு, கல்யாணம் ஆகாத ஒரு பெண்ணின் வழக்கில், 24 வாரம் வரைக்குமான சலுகையில் கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்று பிரிக்கக்கூடாது என்று தீர்ப்பு சொன்னது. கணவனே பலாத்காரம் செய்தாலும், கருக்கலைப்பு விஷயத்தில் அது பலாத்காரம்தான் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. "வேண்டாம்னு சொன்னேன், கேக்கல நர்சம்மா" என்று எத்தனையோ பெண்கள் சொல்ல, அதை எந்த ரிஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

கையெழுத்து விஷயத்திலும் தெளிவாக இருங்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும். புருஷன் கையெழுத்து வேண்டும், மாமியார் வர வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்பார். "நாளைக்குப் பிரச்சனை வந்தா நாங்கதானே பதில் சொல்லணும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தால் மலைச் சாலையின் எழுபது வளைவு இறங்கிப் போனவள் வேலை முடியாமல் எழுபது வளைவு ஏறித் திரும்புகிறாள். அதே மாதிரி "கு.க. பண்ணிக்கிறேன்னு சொல்லு, அப்பத்தான் சுத்தம் பண்ணுவோம்" என்று நிபந்தனை போடுவதும் உண்டு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நல்ல விஷயம். காப்பர்-டி நல்லது, மூன்று மாசத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி நல்லது, சாயா மாத்திரை நல்லது. எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி சொல்லாதீர்கள். எமர்ஜென்சி காலத்தில், 1975-லிருந்து 77 வரைக்கும், இந்த நாட்டில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். அந்தப் பயம் ஜனங்கள் மனதை விட்டுப் போகப் பல வருஷம் ஆனது.

பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் கர்ப்பத்தடைக்கு என்றே ஓர் அத்தியாயம் எழுதினார். உடம்புக்கு நல்லது, நாட்டின் வறுமை குறையும் என்று மற்றவர்கள் பேசிய காலத்தில், பெண் சுதந்திரமாக இருப்பதற்காகவே அது வேண்டும் என்று அவர் வாதாடினார். நூறு வருஷம் ஆகப்போகிறது. நம் அலுவலகச் சுவர்களில் இன்னமும் ஜனத்தொகை குறைக்கும் கணக்குத்தான் ஒட்டியிருக்கிறது. நான் பார்த்த பெண்கள் யாரும் நாட்டின் ஜனத்தொகையைக் குறைக்க வந்து நிற்கவில்லை. கைக்குழந்தைக்கு இன்னும் பால் நிற்கவில்லை, தோட்ட வேலைக்குப் போக வேண்டும், புருஷன் குடிக்கிறான், பரீட்சை வருகிறது. அவர்கள் கணக்கு அவர்களுக்குத் தெரியும்.

இப்போது இந்த மலையில் நெருப்பாக இருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். பதினைந்து, பதினாறு வயதில் கர்ப்பமாகும் பிள்ளைகள்.

நம் மலையாளிப் பழங்குடி சனங்களில் சின்ன வயதிலேயே சொந்தத்துக்குள் கட்டிக்கொடுப்பதும், பிள்ளைகள் தாங்களாகவே சேர்ந்து போய்விடுவதும், பிறகு ஊர்க் கவுண்டரும் பெரியவர்களும் பேசி முடிப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. நான் அதற்கு வக்காலத்து வாங்கவில்லை. பதினாறு வயதுப் பெண்ணின் இடுப்பெலும்பு முழுதாக விரிந்திருக்காது. ரத்தம் ஏற்கெனவே எட்டு ஒன்பது கிராமில் நிற்கும். பிரஷர் வரும், ஜன்னி வரும், குழந்தை எடை குறைந்து பிறக்கும். இதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சண்டை போட்டுச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் சொல்லுங்கள். படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த விடாதீர்கள்.

ஆனால் கர்ப்பம் ஆகிவிட்ட பிள்ளை உங்கள் முன்னால் நிற்கும்போது விஷயம் வேறு. 2012-இல் போக்சோ சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. விஷயம் தெரிந்த யாரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும்; சொல்லாவிட்டால் டாக்டருக்கும் தண்டனை உண்டு. 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மனைவியாகவே இருந்தாலும் 18-க்குக் கீழே என்றால் அது பலாத்காரம்தான் என்றது. பிள்ளைகளைக் காப்பாற்ற வந்த சட்டம், அது வேண்டும். ஆனால் மலையில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது தெரியுமா? "ஆஸ்பத்திரிக்குப் போனா பையன் ஜெயிலுக்குப் போவான்" என்று. அந்த ஒரு வரிதான் எல்லாக் குக்கிராமத்துக்கும் எட்டியது.

பிறகு என்ன நடக்கும்? ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி நம்பர் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று பதிவு செய்ய மாட்டார்கள். கலைக்க நினைத்தாலும் சொல்ல மாட்டார்கள், பெற்றுக்கொள்ள நினைத்தாலும் சொல்ல மாட்டார்கள். நர்சைக் கண்டால் பிள்ளையைக் காட்டுக்குள் அனுப்பிவிடுவார்கள். வயிறு நன்றாகத் தெரிந்த பிறகு, அல்லது ரத்தம் போக ஆரம்பித்த பிறகு, ராத்திரியில் 108-ஐக் கூப்பிடுவார்கள்.

இதற்கும் நீதிமன்றம் ஒரு வழி திறந்திருக்கிறது. நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. நான் சொன்ன அந்த 2022 தீர்ப்பிலேயே, 18 வயது நிரம்பாத பெண் கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுக்கும்போது அவள் பெயரையோ அடையாளத்தையோ சொல்ல வேண்டியதில்லை என்று இருக்கிறது. தகவல் போக வேண்டும். பெயர் போக வேண்டாம். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றமும் இதையே எடுத்துச் சொன்னது. இந்த வயதுப் பிள்ளைக்குக் காப்பாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்பதால் அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த அம்மாவிடம் இந்த விஷயத்தை யார் சொல்வது? டாக்டர் மலை ஏறி வந்து சொல்ல மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிள்ளையை யாராவது கெடுத்திருந்தால், மிரட்டியிருந்தால், அது வேறு வழக்கு. அப்போது குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடத் தயங்கவே கூடாது. ஆளைப் பிடித்து உள்ளே போடத்தான் வேண்டும்.

ரகசியம் என்பது நல்ல மனசு உள்ளவர்கள் காட்டும் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். சட்டத்தில் இருக்கிறது. கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் சட்டம் அனுமதித்தவர் தவிர வேறு யாரிடமும் டாக்டர் வெளியிடக் கூடாது. வெளியிட்டால் ஒரு வருஷம் வரை சிறை. டாக்டருக்கே அப்படி என்றால் கூட நிற்கும் நமக்கு? இந்த மலையில் எல்லாரும் மாமன் மச்சான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தவளைப் பஸ்சில் வந்த ஒருத்தி பார்த்தால், அவள் வீடு போய்ச் சேருவதற்கு முன்னால் செய்தி சந்தைக்குப் போய்விடும். சோறு பரிமாறும்போதுகூட நான் வேலை பார்த்த வீட்டு விஷயத்தை வீட்டில் பேசியதில்லை. என் பிள்ளைகளுக்கு அதில் வருத்தம்கூட உண்டு. நீங்களும் அப்படி இருந்தால்தான் அடுத்தவள் உங்களைத் தேடி வருவாள்.

தேடி வராவிட்டால் வேறு யாரையாவது தேடிப் போவாள். யார் யார் காத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பையில் மாத்திரை வைத்துக்கொண்டு, வாரம் கேட்காமல் விற்பவன் ஒருவன். 2015-இல் இந்தியாவில் ஏறத்தாழ 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள் நடந்தன என்று "லான்செட் குளோபல் ஹெல்த்" இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் திரட்டிய தகவலை வைத்துப் போட்ட கணக்கு. அதில் நான்கில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மாத்திரை மோசமில்லை, சரியான வாரத்தில், சரியான அளவில், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தால் அது நல்ல மருந்து. கரு குழாயில் தங்கியிருந்தால், ரத்தசோகை கடுமையாக இருந்தால், வாரம் தவறியிருந்தால் அதே மாத்திரை ஆளைக் கொல்லும். யாராவது சாப்பிட்டுவிட்டு வந்தால் திட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால், அல்லது காய்ச்சல் வந்தால், ஒரு பக்கமாக வயிறு பிடித்து இழுத்து மயக்கம் வந்தால், ஒரு நிமிஷமும் யோசிக்காமல் 108.

இன்னொருவன், குழந்தைக்கு விலை பேசும் தரகன். 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில், ஓய்வு பெற்ற நர்ஸ் உதவியாளர் ஒருவர் குழந்தை விற்பனை பற்றிப் போனில் பேசிய பேச்சு ஊரெல்லாம் பரவியது ஞாபகம் இருக்கும். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. விசாரணையில் நம் மலையின் ஏழைக் குடும்பங்கள் பெயரும் வந்தது. பிறப்புப் பதிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு சுகாதாரத் துறையினர் வீடு வீடாக ஏறி, குழந்தை இருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். அந்தச் சமயத்தில் பத்திரிகைகள் தரகர்களைப் பற்றி நிறைய எழுதின. அந்தத் தாய்மார்கள் ஏன் அந்த நிலைக்கு வந்தார்கள் என்று எழுதியவர்கள் குறைவு. மூன்றாவது, நான்காவது குழந்தை வேண்டாம் என்று நினைத்த பெண்ணுக்குச் சரியான மாசத்தில் ஊசியோ, காப்பர்-டியோ, தேவைப்பட்டால் பாதுகாப்பான கருக்கலைப்போ கிடைத்திருந்தால் தரகனுக்கு அந்த வாசலில் என்ன வேலை? இது என் எண்ணம். ஆனால் வாசல் வாசலாகப் போனவள் என்ற முறையில் அழுத்தமாகவே சொல்கிறேன்.

ஸ்கேனில் பெண் குழந்தை என்று பார்த்துக் கலைப்பதையும் நான் பேசும் கருக்கலைப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் உண்டு. சேலம் பக்கம் பெண் சிசுக்களுக்கு நடந்ததும், அதனால் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். 1994 சட்டம் தடுப்பது, பெண்ணா ஆணா என்று பார்த்துச் சொல்வதை. அதைச் சொல்கிறவனைப் பிடியுங்கள். அந்தச் சாக்கில், வேறு காரணத்துக்காக வந்து நிற்கும் பெண்ணைக் குற்றவாளி மாதிரி பார்க்காதீர்கள்.

அமெரிக்காவில் 1973 முதல் இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூன் 24 அன்று அவர்கள் உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டு, அந்தந்த மாநிலமே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டது. டெக்சாஸ் மாதிரி மாநிலங்களில் கதவு அடைத்தது. கலிபோர்னியா, மிச்சிகன், வெர்மான்ட் மாநிலங்களின் ஜனங்கள் அதே வருஷம் நவம்பரில் ஓட்டுப் போட்டு, அந்த உரிமையைத் தங்கள் மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்தார்கள். இதைச் செய்தியில் பார்த்துவிட்டு "நம்ம நாட்டுல அந்தப் பிரச்சனை இல்ல" என்று என் பேத்தி சொன்னாள். நான் அவளிடம் சொன்னது இது: இங்கே சட்டம் டெல்லியில் இருக்கிறது, ஆஸ்பத்திரி மாநிலத்திடம் இருக்கிறது. டாக்டரைப் போடுவது, பயிற்சி கொடுப்பது, மருந்து வாங்குவது, மருத்துவ வாரியம் அமைப்பது எல்லாம் மாநில அரசின் கையில். சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இந்த மலைப் பெண்ணின் உரிமையைப் பறித்துவிடலாம். ஒரு டாக்டர் பணியிடத்தைக் காலியாகப் போட்டு வைத்தால் போதும்.

தமிழ்நாட்டால் முடியாது என்று யாரும் சொல்லக் கூடாது. 2001–03-இல் இங்கே ஒரு லட்சம் பிரசவத்துக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20-இல் அது 54. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று நர்ஸ்களைப் போட்டு இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது, மருந்து வாங்குவதற்கு என்றே தனிக் கழகம் அமைத்தது, முத்துலட்சுமி ரெட்டி பெயரில் பேறுகாலத்துக்கு 18,000 ரூபாய் கொடுத்தது, ஒவ்வொரு தாயின் சாவையும் ஏன் என்று உட்கார்ந்து விசாரித்தது, எல்லாம் சேர்ந்து வந்த பலன் அது. தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்திலிருந்து 108 வரைக்கும் நான் கண்ணால் பார்த்தேன். பெற்றுக்கொள்ள வருகிறவளுக்கு இவ்வளவு செய்த அரசு, இப்போது வேண்டாம் என்று வருகிறவளுக்கும் அதே அக்கறையைக் காட்ட வேண்டும். இரண்டு பேரும் வேறு வேறு ஆள் இல்லை. இந்த வருஷம் வேண்டாம் என்று வந்தவள் மூன்று வருஷம் கழித்து ஆசையாகப் பெற்றுக்கொள்ள வருவாள். அப்போது அவள் உயிரோடு இருக்க வேண்டும், கர்ப்பப்பை நன்றாக இருக்க வேண்டும்.

அதனால் அடுத்த கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மட்டும் இல்லை. மார்ச் 22, நவம்பர் 1-லும் கூட்டம் உண்டு. நம் மலையின் அரசு ஆஸ்பத்திரிகளில் கருக்கலைப்புக்குப் பயிற்சி பெற்ற டாக்டர் எந்தெந்தக் கிழமையில் இருக்கிறார், மாத்திரையும் உறிஞ்சு கருவியும் இருப்பில் உள்ளதா, ஸ்கேன் எடுக்க யார் வருகிறார், பெண்கள் டாக்டரிடம் தனியாகப் பேசக் கதவு வைத்த அறை உண்டா, கீழே அனுப்பினால் வண்டிச் செலவு யார் தருவது என்று கேளுங்கள். கல்யாணம் ஆகாத பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டாம், ஊர் வாய் சும்மா இருக்காது. மகளிர் குழுவில் நாலு குழந்தை பெற்ற அக்காக்களை முன்னால் நிறுத்துங்கள். அவர்களை எதிர்த்துப் பேச எந்தத் தலைவருக்கும் தைரியம் வராது. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் எழுந்து வராதீர்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தால் மனுவை உட்கார்ந்து எழுதித் தருகிறேன். சட்டப் பிரிவும் தீர்ப்புத் தேதியும் என் நோட்டில் இருக்கின்றன.